மீட்டருக்கு முன்னால்

கச்சான் காற்று மூன்றாவது கிழமையாக
ஊரை வறுக்கிறது.
டச்சுக்குடா மணல் கண்ணுக்குள் பறக்க
ஏகாம்பரம் வீதியில் படலை படலையாகக் குனிந்து
தண்ணீர் மீட்டர் வாசிக்கிறேன்.
பதினெட்டு வருடமாக இதுதான் வேலை.
முழங்காலிடுவதில்
எங்கள் போதகரைவிடப் பழகியவன் நான்.

மூடியைத் திறந்தால் ஏதாவது இருக்கும்,
மட்டத்தேள், கறையான், பிள்ளைகள் ஒளித்த மாபிள்,
ஒருமுறை யாரோ தொலைத்த திறப்பு.
இலக்கத்தை அமத்துவேன், மிசின் பில்லைத் துப்பும்.
என்னைக் கண்டு ஒருவரும் சிரிப்பதில்லை.
நாற்பத்தொன்பதாம் இலக்கத்து நிஹாரா ரீச்சர்
நாற்பது ரூபாய்க்கு அரைமணி நேரம் சண்டை பிடிப்பா.
"ஆயக்காரன் வாறான்" என்று
ஜெபக்கூட்டத்தில் ரஞ்சிதமலர் அக்கா பகிடி பண்ணுவா.
ஏறி ஒளிந்திருக்க
இந்த வீதியில் அத்திமரமும் இல்லை,
கரண்ட் கம்பத்தில் சாய்ந்த ஒரு வேம்பைத் தவிர.

வேம்படியில் மான்கள் நின்றன.
ஐந்து. கொம்பில் நைலோன் வலைத்துண்டோடு ஒன்று,
பேக்கரிக் கடுதாசி மென்றபடி ஒன்று.
மான் என்றதும் சங்கீதத்து ஓடைதான் எனக்கு ஞாபகம் வரும்.
இங்கே ஓடை எது?
தார் வெடித்த இடத்தில்
பெரிய குழாயின் மூட்டு விட்டு
உள்ளங்கை அளவு தண்ணீர் தேங்கியிருந்தது.
முறை வைத்துக் குடித்தன என்று எழுத ஆசை.
பொய். கொம்பன் குட்டியை இடித்துத் தள்ளியது.
எல்லாம் போனபின்
குட்டி ஈரத்தாரை நக்கியது.

தொழில் பழக்கத்தில் குனிந்து பார்த்தேன்.
கசிவு மீட்டருக்கு முன்னால்.
ஆக, எந்த வீட்டுக் கணக்கிலும் அது விழாது.
அலுவலகத்தில் அதற்கென்று ஒரு நிரல் இருக்கிறது,
பெயர் இழப்பு.

ஞாயிற்றுக்கிழமை மின்விசிறிக்குக் கீழே
கிருபை பற்றி முப்பத்தைந்து நிமிடம்
அரைத்தூக்கத்தில் கேட்டவன் நான்.
இப்போது வெயிலில் விழித்துக்கொண்டேன்.
அளக்கும் கருவிக்கு முந்தியே உடைந்து,
குடிக்க வந்ததின் பெயர் கேளாமல்,
முழுவதையும்
தன் கணக்கில் இழப்பென்று எழுதிக்கொள்வது.

"கண்டதையெல்லாம் பிரசங்கமாக்காதேங்கோ"
என்பாள் என் மனைவி யூடித்.
சரிதான்.
போன மாதம் பஸ் நிலையத்தடியில்
வயிறு நிறையப் பொலித்தீனோடு ஒரு பெண்மான் கிடந்தது.
பாடம் தேடினேன். கிடைக்கவில்லை.
நகரசபை ட்ரக்டர் வரும்வரை காகம் கலைத்தேன்.
அன்றிரவு ஜெபத்தில் அதை விளக்கமின்றியே
அவரிடம் வைத்துவிட்டு வந்தேன்.
இன்னும் அங்கேதான் இருக்கிறது.

ஃபோர்மன் பாயிசுக்குக் கோல் எடுக்க வேண்டும்.
குட்டி நக்கிக்கொண்டிருந்தது.
திங்கள் சொன்னால் என்ன?
ஓர்ஸ்ஹில் மேட்டில்
குழாயைத் திறந்தால் காற்று மட்டும் சீறுகிற வீடுகள்
மனதில் வந்தன. இரவு ஒரு மணிக்கு
வாளியோடு காத்திருக்கும் தங்கரதி.
இங்கே சும்மா ஒழுகுவது
அங்கே யாரோ ஒருத்தியின் தாகம்.
இலவசம் என்று ஒன்று இல்லை,
விலை வேறெங்கோ கொடுபடுகிறது.
அதுவும் எனக்குத் தெரிந்திருக்க வேண்டியதுதானே,
ஒவ்வொரு பெரிய வெள்ளியும் போகிறவன்.

கோல் எடுத்தேன்.
பின்னேரமே வந்து அடைத்துவிட்டார்கள்.

அடுத்த மாதம்
சீமெந்து ஒட்டில் சின்னதாய் ஒரு குளம்படி,
காயுமுன் மிதித்தது.
நாற்பத்தொன்பதின் மதிலுக்கு வெளியே
நெளிந்த அலுமினியத் தாச்சி, விளிம்புவரை தண்ணீர்.
நிஹாரா ரீச்சர் படலையைத் திறக்கவில்லை,
ஜன்னலால் மட்டும் பார்த்தா.
நான் குனிந்தேன்.
இரண்டு யூனிட் கூட.
கூடினதை அப்படியே அமத்தினேன்.
மிசின் துப்பிய பில்லை
அவ சண்டை பிடிக்காமல் வாங்கிக்கொண்டா.